‘தானே மோதி இறந்தார்’: இருசக்கர வாகன மரணங்களில் காரணம் எழுதப்படும் விதம்

2023ஆம் ஆண்டு தை மாதம், கரும்பு அரவைப் பருவம். விழுப்புரம் மாவட்டத்தின் கிராமச் சாலை ஒன்றில், கட்டட வேலை முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்த 34 வயதுக் கொத்தனார், இரவு ஏழரை மணியளவில், சாலை மீதே நிறுத்தப்பட்டிருந்த கரும்பு டிராக்டரின் டிரெய்லரில் மோதி அதே இடத்தில் உயிரிழந்தார். டிரெய்லரின் பின்புறம் விளக்கு இல்லை. சிவப்பு ஒளிர்பட்டை இல்லை. கரும்புத் தோகை பின்பலகையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை பதிவான முதல் தகவல் அறிக்கை இவற்றில் எதையும் சொல்லவில்லை. இருசக்கர வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிச் சென்று, நின்றுகொண்டிருந்த டிராக்டர் மீது தானே மோதி இறந்துவிட்டார் என்று அது முடிந்தது. புகார்தாரர் இறந்தவரின் தம்பி. எழுதியவர் நிலைய எழுத்தர். “எல்லாம் வழக்கமா எழுதுறதுதான், கையெழுத்தப் போடு” என்று சொல்லப்பட்டபோது, இரவு முழுவதும் பிணவறை வாசலில் நின்றிருந்த அந்த இளைஞர் போட்டுவிட்டார். எழுதியதை அவருக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை.

அந்த ஒற்றை வாக்கியம் செய்த வேலை பெரியது. இறந்தவரே வழக்கின் குற்றஞ்சாட்டப்பட்டவர் ஆனார். அவர் உயிருடன் இல்லாததால் வழக்கு அற்றுப்போனதாக இறுதி அறிக்கை தாக்கலாயிற்று. டிராக்டரை இருட்டில் நிறுத்தியவரின் பெயர் சாட்சிப் பட்டியலில்கூட இல்லை. தன் கவனக்குறைவால் இறந்தவரின் குடும்பம் எதிர் வாகனத்தின் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கோர முடியாது என்பது பொது விதி. ஆக, அந்த மரணத்தின் காரணம் புலனாய்வு தொடங்குமுன்பே எழுதி முடிக்கப்பட்டிருந்தது. அந்த எழுத்தை எப்படி வாசிப்பது, எப்படி எதிர்கொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சாலைப் பாதுகாப்பு போக்குவரத்துக் காவலரின் விவகாரம், சமூகநீதிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று மாணவர் கூட்டங்களில் என்னிடம் கேட்பதுண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டின் திருத்தம் சேர்த்த 3(1)(இசட்ஏ)(பி) பிரிவை அவர்களுக்கு வாசித்துக் காட்டுவேன். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது, செருப்பும் புத்தாடையும் அணிவதைத் தடுப்பது ஆகியவை அப்பிரிவின்படி குற்றம். 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் உள்ளது. நாடாளுமன்றம் மோட்டார் சைக்கிளின் பெயரைச் சொல்லிச் சட்டம் எழுத வேண்டிய நிலை இந்த நாட்டில் இருந்திருக்கிறது. ஊர்த்தெருவில் மிதிவண்டியை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டு போகும்படி பணிக்கப்பட்ட தலைமுறை இன்னும் நம்மோடு வாழ்கிறது. அந்தத் தெருவைத் தவிர்ப்பதற்காக இரண்டு கிலோமீட்டர் சுற்றி, நெடுஞ்சாலை வழியாகவே வீடு திரும்பும் இளைஞர்களை வழக்குகளின்போது இன்றும் சந்திக்கிறேன். அந்தச் சுற்றுவழிக்கு ஆகும் பெட்ரோல் செலவைக் கணக்கிடலாம். நெடுஞ்சாலையில் அவர்கள் கூடுதலாக ஏற்கும் ஆபத்தை யார் கணக்கில் வைப்பது?

வேலையும் அப்படித்தான். காலனிக்குள் பேருந்து வருவதில்லை, அல்லது காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் வரும். கட்டட வேலை நகரத்தில். செங்கல் சூளை வேறு திசையில். தொழிற்பேட்டையின் இரவுப் பணி முடியும் நேரத்தில் பேருந்தே கிடையாது. தவணைக்கு வாங்கிய பழைய பைக்கோ டிவிஎஸ் எக்ஸ்எல்லோ இல்லாமல் அந்தக் கூலி கைக்கு வராது. ஒரு வண்டியில் மூவர் போவது சட்டப்படி தவறு. ஆனால் மூன்று பேரின் அன்றைய கூலி அந்த ஒரு வண்டியை நம்பியிருக்கிறது என்பதும் உண்மை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களுள் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105. மரணங்களில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து இரண்டாமிடம்: 17,884. நாடு முழுவதும் நேர்ந்த மரணங்களில் ஏறத்தாழ 68 விழுக்காடு ஊரகப் பகுதிகளில் நிகழ்ந்தவை. அந்த அறிக்கையில் வயது, பாலினம், வாகன வகை, சாலை வகை, வானிலை என்று அட்டவணைகள் உண்டு. இறந்தவரின் சாதிக்கோ வருமானத்துக்கோ அட்டவணை இல்லை. எனவே, சாலையில் இறப்பவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்று அரசு ஆவணத்தைக் காட்டி எவரும் பேச முடியாது.

அதே அறிக்கையில், 2022இன் மரணங்களில் 71.2 விழுக்காட்டுக்குக் காரணம் அதிவேகம் என்று பதிவாகியுள்ளது. இந்த எண்ணைத்தான் செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் தலைப்பாக்குகின்றன. இது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நிலையத்தில் நிரப்பப்படும் விபத்துப் படிவத்திலிருந்து வருகிறது. பெரும்பாலான இடங்களில் வேகத்தை அளக்கக் கருவி இருந்திருக்காது. சக்கரத் தடத்தின் நீளத்தை யாரும் அளந்திருக்கமாட்டார்கள். ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்பது பல காலமாக முதல் தகவல் அறிக்கைகளின் அச்சு வாசகம். தண்டனைச் சட்டப் பிரிவின் சொற்களோடு பொருந்துவதற்காக எழுதப்படும் அந்த வாசகமே பிறகு புள்ளிவிவரமாகத் தொகுக்கப்படுகிறது. புள்ளிவிவரத்திலிருந்து கொள்கை பிறக்கிறது. கொள்கையோ, ஓட்டுபவருக்கு அபராதம் விதிப்பதோடு நின்றுகொள்கிறது.

வேகம் காரணமே இல்லை என்று நான் வாதிடவில்லை. அப்படி வாதிடுவது பொய்யாகும். எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கும். எதிரே ஏதோ இருப்பதைக் கண்டு, அது நிற்கும் பொருள் என்று உணர்ந்து, பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடியாவது ஆகும். அதற்குள் 25 மீட்டர் போய்விடும். காய்ந்த தார்ச்சாலையில், நல்ல பிரேக் இருந்தால், நிற்பதற்கு மேலும் 20 மீட்டருக்கு மேல் வேண்டும். மொத்தம் 45 முதல் 50 மீட்டர். வேகம் 40 என்றால் ஏறத்தாழ 27 மீட்டர் போதும். ஒளிர்பட்டை ஒட்டிய டிரெய்லர் வண்டி விளக்கின் ஒளியில் வெகுதொலைவிலேயே மின்னும். ஒளிர்பட்டை இல்லாமல், காய்ந்த தோகை நிறத்தில், எதிரே வரும் லாரியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்யும் இரவில், பழைய பைக்கின் மங்கிய முகப்பு விளக்கில் அது 30 மீட்டருக்கு முன்னால் தெரிந்தாலே பெரிது. அந்த மரணத்தை வேகமும் ஆக்கியது, இருட்டும் ஆக்கியது, டிரெய்லரை அங்கே நிறுத்தியவரும் ஆக்கினார். படிவத்தில் ஒன்றுக்குத்தான் இடம் கிடைத்தது.

காரணங்களை ஒழுங்காகத் தேடிப் போனால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பழைய முன்னுதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் தலைமையில் ஆய்வாளர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நிகழ்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நிகழ்விடத்துக்கே சென்று ஆராய்ந்தனர்; அறிக்கை 1981இல் வெளியானது. வேறொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில், மோட்டார் சைக்கிளுக்கு உரிய வழியை மறித்தது எதிர் வாகனமே என்று அது கண்டறிந்தது. மோட்டார் சைக்கிள் வருவதைப் பார்க்கவில்லை என்பதே எதிர்த்தரப்பின் பொதுவான விடை. குறுகிய முகப்பு கொண்ட வாகனம் எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் புதிய இருசக்கர வாகனங்களின் முகப்பு விளக்கு பகலிலும் தானாக எரிவது இதற்காகத்தான்.

வண்டியின் தரத்துக்கு வருவோம். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம். அதற்குக் குறைந்தவற்றுக்கு, ஒரு பிரேக்கை அழுத்தினால் இரு சக்கரமும் சேர்ந்து நிற்கும் ஏற்பாடு போதும் என்று விதி வகுக்கப்பட்டது. கூலி வேலைக்குப் போகிறவர் வாங்குவது 100 சிசி வண்டி, அதுவும் பெரும்பாலும் இரண்டாம் கையாக. பழையதென்றால் இரண்டுமே இருக்காது. சாலையோரம் மணல் படிந்த இடத்தில் திடீரென்று பிரேக் பிடிக்கிறார்; சக்கரம் பூட்டிக்கொள்கிறது; வண்டி வழுக்கிச் சாய்கிறது. மோட்டார் வாகன ஆய்வாளர் அவ்வண்டியைப் பார்த்து, ‘இயந்திரக் கோளாறு காரணமாக விபத்து நிகழவில்லை’ என்று சான்றளிப்பார். சான்று பொய்யில்லை. பிரேக் வேலை செய்தது. மலிவான பிரேக் வேலை செய்கிற விதத்தில் வேலை செய்தது.

பின்னிருக்கைப் பெண்கள் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். சேலை முந்தானை சக்கரத்தில் சிக்கி விழுந்து தலையில் அடிபட்டவர்களின் வழக்குகள் எங்கள் கோப்புகளில் உண்டு. பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பு, கைப்பிடி, கால் வைக்கும் இடம் ஆகியவை ஒவ்வொரு மோட்டார் சைக்கிளிலும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி சொல்கிறது. பழைய வண்டி கைமாறும்போது முதலில் காணாமல் போவது அந்தக் காப்புதான்.

தலைக்கவசம் பற்றி நம் தோழர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. ஊர்வலங்களில், தலைவர்களின் நினைவு நாட்களில், வரிசையாகச் செல்லும் வண்டிகளில் எத்தனை தலைகளில் அது இருக்கிறது? 2022இல் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர்; அவர்களுள் 14,337 பேர் பின்னிருக்கையில் அமர்ந்தவர்கள். தலைக்கவசம் மரண அபாயத்தை 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடு. 129ஆம் பிரிவின்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவரும், பின்னால் அமர்பவர் உட்பட, அதை அணிய வேண்டும். தாடைப் பட்டையைப் பூட்டாமல் கவிழ்த்துக்கொண்ட கவசம் மோதிய கணத்தில் தலையைவிட்டுப் பறந்துவிடும். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத சாலையோரக் கவசம் காவலரிடமிருந்து மட்டுமே காக்கும். இதையெல்லாம் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தலைக்கவசம் அணியாததால் விபத்து நேர்வதில்லை. நேர்ந்த விபத்தில் காயம் பெரிதாகிறது, அவ்வளவே. நீதிமன்றத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் இவ்விரண்டையும் வேண்டுமென்றே குழப்புவார்.

மதுவும் அப்படியே. குடித்துவிட்டு ஓட்டுவதை நியாயப்படுத்த என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. டாஸ்மாக் கடையை நெடுஞ்சாலையை ஒட்டி வைத்த அரசுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் 185ஆம் பிரிவு, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் என்று அளவு சொல்கிறது. அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் ‘மது வாடை வீசியது’ என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். ரத்தம் எடுத்துச் சோதித்திருக்கமாட்டார்கள். காலனி முகவரியைப் பார்த்ததும் அந்த வாடை எளிதில் வீசத் தொடங்கிவிடுகிறது என்பது என் அனுபவம். சோதனை முடிவு இல்லாத அந்த வரியைக் குறுக்கு விசாரணையில் கேள்வி கேட்காமல் விடக்கூடாது.

இனி, சாலை. நான்கு வழிச்சாலை ஒரு கிராமத்தை வெட்டிக்கொண்டு செல்லும்போது ஊர் ஒரு பக்கமும் காலனி மறுபக்கமும் ஆகிவிடுவது வட மாவட்டங்களில் பலரும் கண்ட காட்சி. பள்ளி, ரேஷன் கடை, வயல் எல்லாம் அந்தப் பக்கம். முறையாகத் திரும்பி வர இரண்டு கிலோமீட்டர் போக வேண்டும்; இணைப்புச் சாலை இல்லை; சுரங்கப்பாதை இருந்தால் மழைக்காலத்தில் நீர் நிற்கும். எனவே மக்கள் நடுத்திட்டின் இடைவெளியில் கடக்கிறார்கள், அல்லது ஓரமாக எதிர்த்திசையில் வருகிறார்கள். அறிக்கையில் ‘எதிர்த்திசையில் வந்ததால்’ என்று எழுதப்படும். எதிர்த்திசையில் வராமல் அவர் வீட்டுக்குப் போக வழி இருந்ததா என்று எழுதப்படாது.

2019இன் திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. சாலையின் வடிவமைப்பிலோ கட்டுமானத்திலோ பராமரிப்பிலோ உரிய தரம் பின்பற்றப்படாமல் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகார அமைப்பு, ஒப்பந்ததாரர், ஆலோசகர் ஆகியோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். தொகை சிறிதுதான். ஆனால் சாலையைக் கட்டியவரையும் காரணப் பட்டியலில் சேர்க்க இச்சட்டத்தில் நமக்குக் கிடைத்த கதவு இது. என் அனுபவத்தில் எந்தக் காவல் நிலையமும் தானாக இப்பிரிவை எழுதியதில்லை. புகார் மனுவிலேயே பள்ளத்தையும், வெள்ளை அடிக்காத வேகத்தடையையும், அகற்றப்படாத ஜல்லிக் குவியலையும் குறிப்பிட்டு, இப்பிரிவின் எண்ணையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரே இடத்தில் அடுத்தடுத்து விபத்து நேர்ந்தால் அதைக் கரும்புள்ளி என்று அறிவித்துச் சீரமைக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டர் தொலைவுக்குள் மூன்று ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ விளைந்த ஐந்து விபத்துகள், அல்லது பத்து மரணங்கள் என்பது அதற்கான அளவு. கொடுங்காய வழக்குகள் பதிவாகாமல் போனால் அந்த ஐந்து எட்டாது. கால் முறிந்தவரிடம் டிராக்டர் உரிமையாளர் ஐயாயிரம் ரூபாயைத் திணித்து, “நாளைக்கு எங்க நெலத்துலதானே வேல செய்யப் போற” என்று சொல்லிப் பஞ்சாயத்தில் முடித்துவிட்டால், அவ்விடம் அரசின் வரைபடத்தில் பாதுகாப்பான வளைவாகவே இருக்கும்.

தொடக்கத்தில் சொன்ன கொத்தனாரின் குடும்பத்துக்கும் காரியச் செலவுக்கென்று இருபதாயிரம் வந்தது. திருப்பி அனுப்ப அவர்களுக்கு ஒரு மாதம் ஆனது. அந்த மாதத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அவ்வழக்கில் இன்னொரு சிக்கலும் இருந்தது. வண்டி அவருடையதல்ல, அவர் மச்சானுடையது. கடன் வாங்கிய வண்டியை ஓட்டுபவர் சட்டத்தின் பார்வையில் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார். ஆகவே அந்த வண்டியின் காப்பீட்டு நிறுவனத்திடம் அவர் குடும்பம் மூன்றாம் நபர் என்ற முறையில் இழப்பீடு கோர முடியாது. 2009ஆம் ஆண்டின் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் கூறியது. அங்கும் ஒரு மாட்டுவண்டியில் மோதி இறந்தவர் ஓட்டியது கடன் வாங்கிய மோட்டார் சைக்கிள். 2020இன் ராம்கிலாடி வழக்கில் தவறு செய்தது எதிரே வந்த வண்டி. ஆனால் குடும்பம் அந்த வண்டியைச் சேர்க்காமல், கடன் வாங்கிய வண்டியின் உரிமையாளரையும் காப்பீட்டு நிறுவனத்தையும் மட்டும் எதிர்த்தரப்பாகச் சேர்த்தது. தனிநபர் விபத்துக் காப்பீட்டின் ஒரு லட்சத்தோடு அவர்கள் திரும்ப நேர்ந்தது. சொந்த வண்டி நம்மிடம் குறைவு. வண்டி கைமாறினாலும் பதிவுச் சான்றிதழில் பெயர் மாறாது. எனவே எதிர் வாகனத்தின் எண்ணையும் அதன் காப்பீட்டு விவரத்தையும் முதல் நாளே பிடித்துவைப்பது உயிர்நாடி. உரிமையாளரே ஓட்டுநர் என்றால் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு, அவரிடம் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருந்தால்.

எதிர் வாகனம் ஓடிவிட்டால் என்ன செய்வது? 161ஆம் பிரிவின் கீழ், 2022 ஏப்ரல் முதல், மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் தரப்படுகிறது. கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையிலான விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் 2024 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் சில எண்களைக் குறிப்பிட்டது. 2022இல் மோதிவிட்டுத் தப்பிய விபத்துகள் 67,387. 2022–23 நிதியாண்டில் இத்திட்டத்தில் வந்த விண்ணப்பங்கள் 205. தீர்க்கப்பட்டவை 95. வழக்குப் பதிவான ஒரு மாதத்துக்குள் வாகனத்தைக் கண்டறிய முடியாவிட்டால், இத்திட்டத்தைப் பற்றி நிலையப் பொறுப்பு அதிகாரி குடும்பத்துக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கடிதம் வந்ததா என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்குச் சட்டப் பட்டம் வேண்டாம்.

வாகனம் தெரிந்தால் இரண்டு வழி. 164ஆம் பிரிவில் தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டாம்; மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். அதை ஏற்றுக்கொண்டால் 166ஆம் பிரிவின் முழு இழப்பீட்டு மனு அற்றுவிடும். உடனே கிடைக்கும் 5 லட்சத்தைக் காட்டி, 25 லட்சம் பெறவேண்டிய குடும்பத்திடம் கையெழுத்து வாங்கும் தரகர்கள் பிணவறை வாசலிலேயே நிற்கிறார்கள். அவர்களுள் சிலர் என் தொழிலைச் சேர்ந்த கறுப்பு அங்கிக்காரர்களின் ஆட்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறும் உரிமை, 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இருக்கிறது. 166ஆம் பிரிவின் மனுவை ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்ற வரம்பு 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அவ்வரம்பின் செல்லுபடி உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. ஆயினும் அதை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம்.

தொகை எப்படிச் சுருங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கூலித் தொழிலாளிக்குச் சம்பளச் சான்று இல்லை. தீர்ப்பாயம் ஓர் உத்தேச வருமானத்தை எடுத்துக்கொள்ளும். 34 வயதுக்காரருக்கு எதிர்கால உயர்வாக 40 விழுக்காடு சேர்த்து, மூன்று பேர் சார்ந்திருந்தால் மூன்றில் ஒரு பங்கைச் சொந்தச் செலவுக்கெனக் கழித்து, ஆண்டு வருமானத்தை 16ஆல் பெருக்குவது சரளா வர்மா, பிரணய் சேத்தி தீர்ப்புகள் வகுத்த முறை. அந்த உத்தேச வருமானத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் குறைத்து எழுதினால் இறுதித் தொகையில் 1,79,200 ரூபாய் குறையும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, மேஸ்திரியின் கூலி நோட்டு, மகளிர் குழுக் கடன் தவணை கட்டிய ரசீது என்று எதுவாயினும் தேடி எடுக்க வேண்டியது இதற்காகத்தான். வாரியத்தில் பதிவிருந்தால் விபத்து மரண உதவித்தொகையையும் தனியே கோரலாம்.

முதல் சில நாட்களில் செய்யத்தக்கதைச் சொல்லிவிடுகிறேன். சேதமான வண்டிகளை அகற்றும் முன் கைபேசியில் படமெடுங்கள்: எதிர் வாகனத்தின் பின்புறம், விளக்கு, எண் பலகை, சாலை ஓரம், தெருவிளக்குக் கம்பம், சக்கரத் தடம். முதல் 48 மணி நேர இலவச சிகிச்சை, தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அதில் இணைந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. பணம் கட்டினால்தான் சேர்ப்போம் என்றால் திட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். உதவிக்கு ஓடிவந்தவரை 134ஏ பிரிவு காக்கிறது. அவரை அச்சுறுத்தி அனுப்பிவிட வேண்டாம், அவர்தான் சாட்சி. நிலையத்துக்குக் குடும்பத்தினரைத் தனியாக அனுப்பாதீர்கள். புகாரைத் தாங்களே எழுதி எடுத்துச் செல்லட்டும். வாய்மொழிப் புகார் என்றால் எழுதியதை வாசித்துக் காட்டுவதும், நகலை இலவசமாகத் தருவதும் கட்டாயம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. இறந்தவருக்கு முன்பே சாதி சார்ந்த மிரட்டல் இருந்திருந்தால், காதல் திருமணமோ நிலத் தகராறோ பின்னணியில் இருந்தால், அதையும் அந்தப் புகாரிலேயே எழுதுங்கள். விபத்துக் கோப்புக்குள் கொலையை மறைப்பது எளிது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலை எரித்தபின் அதை வெளியே எடுப்பது கடினம்.

மூன்று பேர் சென்றார்கள் என்பதாலேயே இழப்பீட்டைக் குறைக்க முடியாது. அது விபத்துக்குக் காரணமாக இருந்ததென்று எதிர்த்தரப்பு காட்ட வேண்டும் என்று 2020இன் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் தகவல் அறிக்கை தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய குற்ற வழக்கின் அளவுகோலும் அங்கே இல்லை. நிகழ்ந்திருக்கக் கூடியது எது என்ற எடைபோடலே போதும்.

கொத்தனாரின் மனுவை ஐந்தாம் மாதத்தில் தாக்கல் செய்தோம். காலனிச் சிறுவன் ஒருவன் அன்றிரவு எட்டு மணிக்கு எடுத்த இரண்டு படங்கள் எங்களிடம் இருந்தன. காவல்துறையின் பார்வை மகஜர், டிரெய்லர் தார்ச்சாலையின் மீதே நின்றதைத் தன்னையறியாமல் பதிவுசெய்திருந்தது. வாகன ஆய்வாளரின் அறிக்கையில், பின்விளக்குக்கான கட்டத்தில், ‘இல்லை’ என்று ஒரு சொல். விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, 2024 செப்டம்பரில், சுஷ்மா எதிர் நிதின் கணபதி ரங்கோலே வழக்கின் தீர்ப்பு வந்தது. எச்சரிக்கை விளக்கின்றி நெடுஞ்சாலையில் விட்டுச்செல்லப்பட்ட லாரியில் கார் மோதிய அவ்வழக்கில், கார் ஓட்டுநர் மீது கீழமை நீதிமன்றங்கள் சுமத்திய பாதிப் பழியை உச்ச நீதிமன்றம் நீக்கியது. அதைத் தாக்கல் செய்தோம். எங்கள் தீர்ப்பாயம் டிராக்டர் தரப்புக்கு 75, இறந்தவருக்கு 25 விழுக்காடு என்று பொறுப்பைப் பிரித்தது. அந்த 25ஐ எதிர்த்து நாங்களும், 75ஐ எதிர்த்துக் காப்பீட்டு நிறுவனமும் மேல்முறையீடு செய்திருக்கிறோம்.

தீர்ப்பன்று அவருடைய மனைவி என்னிடம் பணத்தைப் பற்றி முதலில் கேட்கவில்லை. “அந்தக் கேஸ் பேப்பர்ல எழுதுனத மாத்த முடியாதாங்க? பையன் நாளைக்குப் படிச்சா, அவங்கப்பா வேகமாப் போய்த் தானே செத்தாருன்னுதானே இருக்கும்” என்றார். முதல் தகவல் அறிக்கையைத் திருத்தச் சட்டத்தில் வழியில்லை. டிரெய்லரில் விளக்கு இல்லாததே முதன்மைக் காரணம் என்று தீர்ப்பாயம் எழுதிய பக்கத்தின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்து, இரண்டு பிரதிகள் வாங்கிக் கொடுத்தேன்.